ஆளில்லாத கொங்கு நாடு: ஸ்டாக் சைட்ல போட்டோ விக்கற அனுபவம்

அந்தியூர்ப் பக்கத்துத் தம்பி ஒருத்தன் புதுசா கேமரா வாங்கீட்டு, "ஏனுங்ண்ணா, இந்த ஸ்டாக் சைட்ல போட்டோ ஏத்துனா மாசாமாசம் காசு வருமாங்க, நீங்க ரொம்ப வருசமா பண்றீங்கல்ல"ன்னு கேட்டான். ஸ்டாக் சைட்டுன்னா நாம ஏத்தற போட்டோவ வேணுங்கறவங்க காசு குடுத்து எடுத்துக்கற வெப்சைட்டு. போன்ல சொல்லி முடியற சங்கதி இல்ல, அதான் எழுதறேன். அவன் கேட்ட அன்னைக்குக் காத்தாலதான் சைட்காரங்க என்ற போட்டோ ஒன்ன வேண்டாம்னு திருப்பியிருந்தாங்க, அந்தச் சூடும் இதுல இருக்கும், பொறுத்துக்கோங்க. திருப்புனது எந்த சைட்டுன்னு பேரச் சொல்லல. பெரிய சைட்டு எல்லாத்துலயும் சட்டம் கிட்டத்தட்ட ஒன்னுதான், ஒருத்தர மட்டும் நிறுத்தி வெச்சு அடிக்கறது நாயமில்ல.

காசப் பத்தி மொதல்ல சொல்லீர்றேன், ஏன்னா எல்லாரும் கேக்கறது அதத்தான். அடோபி ஸ்டாக்ங்கற சைட்ல போட்டோவுக்கு வித்த வெலையில 33 சதவீதம் குடுக்கறாங்க. ஷட்டர்ஸ்டாக்ல 2020 ஜூன்ல இருந்து 15 சதவீதத்துல ஆரம்பிச்சு 40 வரைக்கும் படிப்படியா வெச்சிருக்காங்க, ஜனவரி 1 வந்தா எல்லாரும் மறுபடியும் கீழ்ப்படியில இருந்து ஏறோணும். சதவீதம் கேக்கறதுக்கு நல்லா இருக்கும், ஆனா வாங்கறவங்க முக்கால்வாசிப்பேரு சந்தா கட்டி வாங்கறாங்க, அதனால ஒரு டவுன்லோடுக்கு நம்ம கைக்கு வர்றது பல சமயம் டீக்காசுதான். டபிள்யூ-8பென்ங்கற அமெரிக்க வரி ஃபாரத்த மறக்காம குடுத்துருங்க, அது இல்லீன்னா அமெரிக்கா பக்கத்து வருமானத்துல 30 சதவீதம் வரி புடிப்பாங்க, குடுத்தா நம்ம நாட்டு ஒப்பந்தப்படி 15. மூணு வருசத்துக்கு ஒருக்கா அதப் புதுப்பிக்கோணும். இத மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாதுங்க. என்ற பொழப்பு முகூர்த்தத்துலயும் திருப்பூர் பனியன் கம்பெனிகளோட ப்ராடக்ட் ஷூட்லயும்தான் ஓடுது, ஆடியிலயும் மார்கழியிலயும் கல்யாணம் இருக்காதுல்ல, அப்பத்தான் உக்காந்து ஸ்டாக்குக்கு ஏத்துவேன்.

சரி, என்ற கோவத்துக்கு வர்றேன். ரிலீஸ் ஃபாரம்.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். போட்டோவுல ஒருத்தரோட மொகம் அடையாளம் தெரிஞ்சா, விளம்பரத்துக்கு விக்கறதுக்கு அவரு கையெழுத்துப் போட்ட மாடல் ரிலீஸ் வேணும். அது இல்லீன்னா எடிட்டோரியல்னு முத்திரை குத்திருவாங்க, செய்தி, கட்டுரைக்குத்தான் அப்பறம் அது ஆகும், விளம்பரம் பண்றவங்க அதத் தொட முடியாது. அந்த எடிட்டோரியலுக்கும் ஊரு, மாநிலம், தேதி எல்லாம் அவங்க சொல்ற வரிசையில தலைப்புல எழுதோணும். என்ற கணக்குல எடிட்டோரியல் படம் எப்பயாச்சும்தான் போகுது, மத்ததுதான் ஓடுது. அப்ப மொகம் இருக்கற படத்துல நாலு காசு பாக்கோணும்னா ஃபாரம் வேணும்.

ஃபாரம் இங்கிலீஷ்ல இருக்கு. மொதப் பேரு, கடைசிப் பேருன்னு ரெண்டு கட்டம். நம்மூர்ல ஒரு பேரும் ஒரு இனிசியலும்தான், அத எந்தக் கட்டத்துல போட்டாலும் எப்பயாச்சும் ஒருத்தரு பேரு பொருந்தலன்னு திருப்பறாங்க. பொறந்த தேதி வேணும். கண்ணபுரம் மாட்டுச் சந்தையில, சித்திரையில மாரியம்மன் நோம்பியோட கூடுமே அதுல, காளைய ஓட்டீட்டு வந்த ஒரு அப்பாருகிட்ட பொறந்த தேதி கேட்டா "எங்காத்தாளுக்கே தெரியாது கண்ணு, நீ என்னத்தக் கேக்கற"ங்கறாரு. ஆதாரப் பாத்தா ஜனவரி 1ன்னு இருக்கு, அந்த வயசுக்காரங்க நெறையப் பேருக்கு அப்படித்தான் இருக்கும். கீழ சாட்சிக் கையெழுத்து வேணும், படம் எடுத்தவனும் படத்துல இருக்கறவனும் சாட்சியா இருக்கக்கூடாது. சந்தையில ஓட்டமும் நடையுமா இருக்கற மனுசங்களப் புடிச்சு, இன்னொருத்தரு படத்துக்கு நீங்க சாட்சி போடுங்கன்னா யாரு நிப்பாங்க சொல்லுங்க.

இதெல்லாங்கூடத் தாங்கிக்கலாம். கைநாட்டு ஒத்துக்க மாட்டேங்கறாங்க, அதத்தான் என்னால தாங்க முடியல. சப்-ரிஜிஸ்தர் ஆபீசுல பத்திரத்துக்கே கட்டவெரல் ரேகை வாங்கறாங்க, நம்ம ஆயாக்களும் அப்பாருகளும் காலம் பூரா கைநாட்டு வெச்சே காடு தோட்டம் வித்து வாங்கி பாகம் பிரிச்சிருக்காங்க. ஆனா என்ற சைட்ல "கையெழுத்து இல்லை"ன்னு ஒரே வரியில திருப்பி அனுப்பறாங்க. இத ரேகைன்னு சொல்லி விளக்கி மெயில் போட்டா அதே வரி மறுக்காவும் வருது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மனுசன் மனசாரச் சம்மதிச்சாலும், அந்தச் சம்மதத்த ஏத்துக்கறதுக்கு அந்த ஃபாரத்துல எடமில்ல. எத்தன வருசமா இது இப்படியே கெடக்குது.

அப்பறம் காயிதத்த நீட்டுனாலே பயப்படற ஊரு இது, அதுக்கும் காரணம் இருக்கு. கெயில் எரிவாயுக் குழாய் கோயமுத்தூரு, திருப்பூரு, ஈரோடு, நாமக்கல்லு, சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரின்னு ஏழு மாவட்டத்துல வெவசாய நெலத்து வழியா வருதுன்னு எத்தன போராட்டம் நடந்துச்சு, அது ஓயறதுக்குள்ள உயர்மின் கோபுரம்னு இன்னொன்னு வந்துச்சு. தோட்டத்துக்குள்ள கேமராவும் காயிதமுமா ஒருத்தன் வந்து இங்க கையெழுத்துப் போடுங்கன்னா, "ஏஞ்சாமி, இதுல என்ற பூமியப் பத்தி என்ன எழுதியிருக்குது"ன்னுதான் கேப்பாங்க. கேக்கோணும். நான் ஒவ்வொரு வரியா தமிழ்ல சொல்லித்தான் வாங்கறேன், சொல்லச் சொல்ல எனக்கே அந்த ஃபாரம் பெருசாத் தெரியுது. ஏன்னா அதுல இருக்கறது சாமானியச் சங்கதி இல்ல, இந்தப் படத்த எந்த வேலைக்கு வேணாலும், எத்தன காலத்துக்கு வேணாலும், மாத்தி ஒட்டியும் பயன்படுத்திக்கலாம்னு எழுதி வாங்கறாங்க. மூட்டுவலித் தைலத்துக்கும் அந்த மொகம் போகலாம், ஏதோ கடன் குடுக்கற கம்பெனிக்கும் போகலாம்.

அதனால ஃபாரமே வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். அது இருக்கோணும். கேக்காம ஒருத்தரு மொகத்த எடுத்து வித்துப் பொழைக்கறது திருட்டு. நான் கேக்கறது என்னன்னா, யாருகிட்ட வாங்கறீங்களோ அவங்க பாசையில அது இருக்கட்டும், அவங்க எப்படிச் சம்மதம் சொல்லிப் பழகியிருக்காங்களோ அப்படிச் சொல்ல விடுங்க. நான் என்ற பங்குக்கு, ஃபாரத்துல கையெழுத்துப் போடறவங்க எல்லாத்துக்கும் ஒரு பிரிண்ட் ஃப்ரேம் போட்டுக் கொண்டுபோய்க் குடுத்தர்றேன். வயசானவங்க பலபேரு அவிகளே கேப்பாங்க, "நாஞ் செத்தா வெக்கறதுக்கு நல்லா ஒன்னு எடு கண்ணு"ன்னு. அந்தப் படத்த நான் எந்த சைட்லயும் போட்டதில்ல, போடவும் மாட்டேன்.

இப்ப அன்னைக்குக் காத்தால திரும்பி வந்த படம் என்னன்னு சொல்றேன். மஞ்சக் களத்துல ஒரு ஆயா வெரலி மஞ்சளையும் கெழங்கு மஞ்சளையும் பிரிச்சுப் போட்டுட்டிருந்தாங்க, கை ரெண்டும் முழங்கை வரைக்கும் மஞ்சப் புடிச்சு, வெயிலு சாஞ்சு விழுந்து, அப்படி ஒரு வெளிச்சம் எனக்கு அந்த சீசன்ல மறுபடி அமையல. மொகம் இல்ல, கை மட்டும்தான், அதனால பிரச்சினை வராதுன்னு யாரா இருந்தாலும் நெனைப்பாங்க. திருப்பிட்டாங்க. காரணம், கையில பச்சை குத்தியிருக்கு. பச்சை குத்துன கை அடையாளம் தெரியுமாம், அதனால ஆயாவோட ரிலீஸ் வேணும், அதோட டாட்டூ ஒருத்தரோட கலைப் படைப்புங்கறதால அத வரைஞ்சவரோட ரிலீசும் வேணுமாம். அந்த ஆயாவுக்குச் சின்னப் புள்ளையில ஊரு ஊரா வந்து பச்சை குத்துனவங்க குத்துன கோலம் அது. அந்தக் கைக்காரி யாரு, எந்தூரு, இருக்காங்களா இல்லையா, யாருகிட்டப் போயி கேக்கறது? சட்டமா பாத்தா அவங்க சொல்றது புரியுது, இன்னைக்கு கடை போட்டு டாட்டூ வரையறவங்க டிசைன் அவங்களுக்குச் சொந்தம், அது சரிதான். ஆனா நம்ம பாட்டிமாருக கையெல்லாம் அந்த ஒரு வரியில வெளிய போயிருது.

இதோட வெளைவு என்னன்னு ஏழெட்டு வருசத்து அக்கவுண்ட மொத்தமா பாத்தாத்தான் தெரியுது. என்ற போர்ட்ஃபோலியோவுல நல்லா ஓடுறது காங்கேயங் காளை, களத்துல காயற மஞ்சள், வெள்ளக்கோயில் பக்கம் காய வெச்ச கொப்பரை, பல்லடம் உடுமலைப் பக்கத்துக் கரண்ட் எடுக்கற காத்தாடி, விசைத்தறி நூலு. காளைகிட்ட யாரும் கையெழுத்துக் கேக்கறதில்ல. அந்தக் காளைய வளத்தவரு, மஞ்சள வேக வெச்சவரு, கொப்பரைய ஒடச்சுப் போட்டவங்க, தறியில நூலு முடிஞ்சவங்க ஒருத்தரும் அதுல இல்ல. அந்தப் பக்கத்தப் பாக்கற வெளியூருக்காரனுக்கு இங்க மாடு தானா மேயுது, மஞ்சத் தானா காயுதுன்னுதான் தோணும். அதே சைட்ல இந்திய விவசாயின்னு தேடிப் பாருங்க, பளிச்சுன்னு சலவை பண்ணுன துணியும் பெரிய தலப்பாவுமா ஒரு மாடல் சிரிச்சுக்கிட்டு நிப்பாரு, அவருக்கு ரிலீஸ் ஒழுங்கா இருக்கும். நம்ம தோட்டத்துல துண்ட உருமாக் கட்டிக்கிட்டு தண்ணி பாய்ச்சறவரு அங்க விவசாயி இல்ல. எனக்கு காசு கம்மியா வர்றதவிட இதுதான் வலிக்குது.

இவ்வளவு சொல்லீட்டு நல்லதச் சொல்லாமப் போனா அது பொய்யாயிரும். நான் எதிர்பாக்காத ஒன்னு இந்த சைட் பண்ணுச்சு. ஈரோடு மஞ்சளுக்கு 2019ல புவிசார் குறியீடு கெடச்சதுல்ல, அதுக்கப்பறம் நான் வெறும் மஞ்சள்னு போடாம ஈரோடு மஞ்சள்னு ஊரு பேரோட தலைப்பு வெச்சேன், பவானி ஜமக்காளம், சென்னிமலை போர்வை, நெகமம் சேலைன்னு எல்லாத்துக்கும் அப்படியே. மஞ்சப் பொடி ஏற்றுமதி பண்றவரு ஒருத்தரு பாக்கெட்டுக்குப் படம் தேடறப்ப என்றதப் பாத்திருக்காரு, படத்த வாங்குனதோட நிக்காம, படத்துக்குக் கீழ இருந்த என்ற பேர வெச்சு இன்ஸ்டாகிராம்ல தேடிப் புடிச்சு, "நீங்க ஈரோட்டுப் பக்கமாங்க, எங்க குடோனுக்கே வந்து எடுத்துக் குடுங்க"ன்னு கூப்புட்டாரு. அந்த ஒரு வேலையில வந்த காசு, ஸ்டாக்ல ரொம்ப நாளு சேத்து வந்ததவிட அதிகம். அவரு மூலமா அடுத்து கொப்பரைக்காரரு, எண்ணெய்ச் செக்குக்காரருன்னு வந்தாங்க. சைட் அவங்க வாடிக்கையாளரு வெவரத்த நமக்குத் தர்றதில்ல, ஆனா நம்ம பேரு படத்துக்குக் கீழ நிக்குது பாருங்க, அதுக்கு ஒரு பலன் இருக்கு. எந்த போர்ட்ஃபோலியோ வெப்சைட்டும், மாசம் காசு கட்டிப் போட்ட விளம்பரமும் எனக்கு இத்தன உருப்படியான வேலைய கொண்டாந்து குடுத்ததில்ல.

அதனால தம்பி, உனக்குச் சொல்றது இதுதான். அக்கவுண்ட் தொடங்கு, தொடங்கறதுக்கு காசொன்னும் இல்ல. அந்த அக்கவுண்ட ஒரு பேர்லயும் இன்ஸ்டாகிராம இன்னொரு பேர்லயும் வெக்காத, தேடி வர்றவன் வழி தவறீருவான். படத்தத் தேடிக் கண்டுபுடிக்கறதுக்கான சொல்லு, அதான் கீவேர்டு, அடோபில 49, ஷட்டர்ஸ்டாக்ல 50 வரைக்கும் போடலாம், ரொப்போணும்னு கண்டதையும் ரொப்பாத, ஊரு பேரு, பயிரு பேரு, வேலை பேரு மொதல்ல வரட்டும். கேமராக் கடனுக்கு இதுல வர்ற காச நம்பித் தவணை கட்டலாம்னு மட்டும் நெனைக்காத. ஆளுங்க இருக்கற படம் எடுக்கறத நிறுத்தாத, விக்காட்டியும் பரவால்ல, எடுத்து ஊரு பேரும் தேதியும் எழுதி வெச்சுக்க, எடிட்டோரியல்லயாச்சும் போடு.

எனக்கு இந்த சைட் புடிச்சிருக்கான்னு கேட்டா, இந்த ஆடிக்கும் ஏத்தத்தான் போறேன், அந்தியூரு குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்குப் போயி எடுத்துட்டு வரோணும்னு லென்ஸெல்லாம் தொடச்சு வெச்சாச்சு. ஆனா மார்க்குன்னு கேட்டா அஞ்சுக்கு ரெண்டுதான். அந்த ஆயா கை மட்டும் ஏறியிருந்துச்சுன்னா கண்ண மூடிக்கிட்டு நாலு போட்டிருப்பேன். கைநாட்டு வெச்ச ரிலீச எந்த சைட்டாச்சும் ஒத்துக்கிட்டது யாருக்காவது தெரிஞ்சா, எந்த சைட்டு, சாட்சி எடத்துல என்ன எழுதுனீங்கன்னு சித்தெ சொல்லுங்க, என்ற படத்த ஒட்டுக்கா அங்க மாத்தீர்றேன்.