மூணு வருஷம், மூணு சுரைக்குடுக்கை

உருகுவே தலைநகர் மான்டெவிடியோவுக்கு வேலைக்கு வந்து மூணு வருஷம் ஆச்சு. வந்த புதுசுல இங்க ஆளுங்க கக்கத்துல ஒரு பிளாஸ்க்க இடுக்கிக்கிட்டு, கையில ஒரு குடுக்கையோட பஸ் ஏறுறதும் ராம்ப்லா கடற்கரை ரோட்டுல நடக்குறதும் பாத்து, என்னடா இது ஊரே சேலைன் பாட்டிலோட சுத்துதேன்னு நினைச்சிருக்கேன். இப்போ நானும் அப்படித்தான். மாத்தே, அதான் அந்தக் குடுக்கையில போட்டு உறிஞ்சுற கசப்பு இலை டீ, அது குடிக்காம காலைல லேப்டாப்ப திறக்குறதில்ல.

குடுக்கைன்னா நெசமாவே சுரைக்குடுக்கைதாங்க, நம்ம கூட்டு வைக்கிற அதே சுரைக்காய் இனம், முத்தவிட்டு காயவெச்சு உள்ள குடைஞ்சு எடுத்தது. இங்க பொரோங்கோன்னு சொல்வாங்க. அம்மா வீடியோ கால்ல பாத்துட்டு "ஏன்டா, சுரைக்காய்ல இருந்து என்னத்தடா உறிஞ்சுற"ன்னு கேட்டாங்க. உள்ள போடுறது யெர்பா, ஒரு மரத்தோட இலைய காயவெச்சு நொறுக்குனது (இந்த ஊர் வாயில அது ஷெர்பான்னுதான் வரும்). இந்தப் பக்கத்துப் பூர்வகுடிகளான குவாரானி மக்கள்கிட்ட இருந்து வந்த பழக்கம். இதுல ஒரு கூத்து என்னன்னா தலைக்கு இவ்ளோன்னு கணக்குப் பாத்தா உருகுவேக்காரங்கதான் உலகத்துலயே அதிகமா குடிக்கிறவங்க, ஆனா கடையில இருக்குற யெர்பா பெரும்பாலும் பிரேசில்ல இருந்து வர்றது.

முதல் குடுக்கை த்ரிஸ்தான் நர்வாஹா ஞாயித்துக்கிழமை சந்தையில வாங்குனது. புதுசா வாங்குனா அப்படியே குடிக்கக் கூடாது, பழக்கணும், நம்ம இரும்பு தோசைக்கல்ல பழக்குற மாதிரி. குடிச்சு முடிச்ச ஈர யெர்பாவ ரொப்பி சுடுதண்ணி ஊத்தி ஒரு நாள் வெச்சுட்டு, மறுநாள் ஸ்பூனால உள்ள இருக்குற தோல சுரண்டி எடுத்துட்டு மறுபடி அதே மாதிரி ரெண்டு மூணு தடவை. இதெல்லாம் ஒழுங்காத்தான் செஞ்சேன். ஆனா ஒரு லீவுக்கு பத்து நாள் பியூனஸ் அயர்ஸ் போனப்ப யெர்பாவ கொட்டாம அப்படியே வெச்சுட்டு போயிட்டேன், வந்து பாத்தா உள்ள பச்சையும் வெள்ளையுமா பஞ்சு மாதிரி பூஞ்சை. ஆபீஸ்ல ஒரு பெரியவர் மோந்து பாத்துட்டு ஒண்ணுமே சொல்லாம குப்பைத் தொட்டிய கைகாட்டுனாரு.

ரெண்டாவது இன்னும் கொடுமை. பூஞ்சை பயத்துல தினமும் கழுவி பால்கனி வெயில்ல கவுத்து வெச்சேன், நம்ம ஊர்ல ஊறுகாய் ஜாடிய வைக்கிற மாதிரி. ஜனவரி இங்க கோடைன்னு மண்டையில உறைக்கல. மூணாவது வாரம் வாயில இருந்து பாதி வரைக்கும் ஒரே விரிசல்.

இப்போ இருக்குற மூணாவது, சுவரு நல்லா தடிமனா வெளிய தோல் தைச்சது, ஒன்றரை வருஷம் தாண்டிருச்சு. செய்யுறது இவ்ளோதான்: குடிச்சதும் கொட்டி வெறும் தண்ணில அலசி, துணியால உள்ள துடைச்சு, காத்தோட்டமா நிழல்ல சாய்ச்சு வைக்கணும். சோப்பு கிட்டவே போகக் கூடாது, சுவரு உறிஞ்சிக்கிட்டா அப்புறம் ஒரு வாரம் சோப்பு டீதான்.

போடுற முறைய யூடியூப்ல இருபது வீடியோ பாத்தும் ஏட்டுச் சுரைக்காய் கதையாத்தான் போச்சு, கை பழகுனாத்தான் வரும். குடுக்கையில முக்கால்வாசி யெர்பா போட்டு, உள்ளங்கையால வாய மூடி, தலைகீழா கவுத்து ரெண்டு குலுக்கு. கையில ஒட்டுற பச்சைத் தூள ஊதிடணும். அப்படியே சாய்ச்சு நிமித்துனா யெர்பா ஒரு பக்கமா மலைச்சரிவு மாதிரி நிக்கும், அடிவாரத்துல பள்ளம். அந்தப் பள்ளத்துல மட்டும் வெதுவெதுப்பான தண்ணி ஊத்தி இலை ஊறி உப்புற வரைக்கும் பொறுக்கணும், அப்புறம் பொம்பிஷா, அதான் அந்த உலோக உறிஞ்சுகுழல், மேல் ஓட்டைய கட்டைவிரலால அடைச்சுக்கிட்டு அடி வரைக்கும் சொருகணும். சொருகுனதுக்கப்புறம் அத ஆட்டவே கூடாது. நான் ஜூஸ் கலக்குற மாதிரி கலக்கி அடைச்சுக்கிட்டேன், இங்கத்த யெர்பா காம்பு இல்லாம மாவு மாதிரி இருக்கும், அடைச்சா அவ்ளோதான். புதுசா ஆரம்பிக்கிறவங்க காம்பு கலந்த அர்ஜென்டினா யெர்பா வாங்குங்க, கசப்பும் கொஞ்சம் கம்மி.

தண்ணி கொதிக்கவே கூடாது, 75 டிகிரி பக்கம் போதும். தெர்மாமீட்டர்லாம் என்கிட்ட இல்ல, கெட்டில் "ஸ்ஸ்ஸ்"னு இரைய ஆரம்பிச்சதும் அணைச்சுடுவேன். கொதிச்சத ஊத்துனா முதல் நாலு வாய் விஷமா கசந்துட்டு அஞ்சாவதுல இருந்து கழனித்தண்ணி. சரியா போட்டா ஒரு லிட்டர் பிளாஸ்க் முழுக்க ருசி நிக்கும், சரிவோட மேல் பக்கம் கடைசி வரைக்கும் காஞ்சே இருக்கணும், கொஞ்சம் கொஞ்சமா அத நனைச்சுக்கிட்டே போறதுதான் கைவேலை. இன்னொண்ணு, 2016ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 65 டிகிரிக்கு மேல சூடா குடிக்கிற எதையும் புற்றுநோய் வரவைக்க வாய்ப்புள்ளது லிஸ்ட்ல சேத்துருச்சு, சிக்கல் மாத்தேல இல்ல சூட்டுலதான். அதனால நான் ஊத்திட்டு கொஞ்சம் பொறுத்துத்தான் உறிஞ்சுறேன்.

எனக்கு ரொம்ப நாள் ஒத்து வராதது எச்சில் விஷயம். அண்ணாந்து குடிச்சு வளந்த வாய், இங்க ஒரே குழல் ஆறு வாய்க்குப் போகும். ஊத்துறவருதான் முதல் மாத்தே குடிக்கணும், ஏன்னா அதுதான் இருக்குறதுலயே கசப்பு, அதனால அத மரியாதைக் குறைவா எடுத்துக்காதீங்க. நன்றி சொன்னா "எனக்குப் போதும்"னு அர்த்தம். நான் முதல் நாளே வாங்கும்போது பணிவா "கிராசியாஸ்"னு சொல்லித் தொலைச்சுட்டு அதுக்கப்புறம் ஏன் குடுக்கை என்னைத் தாண்டிப் போகுதுன்னு முழிச்சுக்கிட்டு இருந்தேன். கோவிட்டுக்கப்புறம் ஆபீஸ்ல பாதிப் பேரு தனித்தனியாத்தான் வெச்சிருக்காங்க, எனக்கு நிம்மதி.

குறைன்னா, வெறும் வயித்துல குடிச்சா எனக்கு நெஞ்செரியுது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல குடிச்சா தூக்கம் போச்சு. குடுக்கைக்கு அடி உருண்டை, ஸ்டாண்ட் இல்லாம நிக்காது, ஒருதடவை கீபோர்டு மேலயே சாஞ்சு ஸ்பேஸ் பார் இன்னும் ஒட்டுது. வாரத்துக்கு ரெண்டு தடவைதான் குடிப்பேன்னா ஸ்டீல் கப் வாங்கிக்கோங்க, குடுக்கை சும்மா கெடந்தா கெட்டுப்போகும். தினம் குடிக்கிறவங்களுக்கு மட்டும் குடுக்கை. ஸ்டீல்ல நானும் குடிச்சுப் பாத்துட்டேன், மண்பானைத் தண்ணிக்கும் ஃபிரிட்ஜ் தண்ணிக்கும் உள்ள வித்தியாசம். என் மூணாவதுல அடித் தையல் ஒரு பக்கம் விட ஆரம்பிச்சிருக்கு, இந்த ஞாயிறு சந்தைக்கு எடுத்துட்டுப் போய் தைச்சுத் தருவாங்களான்னு கேக்கணும்.