வாசல் இன்டர்காமுக்குக் கொடுத்த 23,600 ரூபாய்: பழைய வீடு வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

இன்று காலை நான்காவது முறையாக என் புகாரை “தீர்க்கப்பட்டது” என்று மூடிவிட்டார்கள். அந்தச் சூட்டோடு இதை எழுதுகிறேன். கோபம் தணியட்டும் என்று காத்திருந்தால் எழுதாமலே விட்டுவிடுவேன். கும்பகோணத்தில் உள்ள எங்கள் பழைய வீட்டில், வாசல் பொத்தானை அழுத்தினால் உள்ளே இருக்கும் தொலைபேசி ஒலித்து, வந்தவரிடம் அதிலேயே பேசும்படியான ஓர் இன்டர்காம் பொருத்துவதற்கு 23,600 ரூபாய் கொடுத்தேன். 19 நாள் ஆகிறது. கழற்றிப் போட்ட கருவி ஓர் அட்டைப்பெட்டியில் கிடக்கிறது. பணம் யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தும் திரும்ப வாங்க முடியவில்லை.

வீட்டைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு என்று நீளும் வீடு. ஒன்றரை அடிக் கனத்தில் சுண்ணாம்புக் காரைச் சுவர்கள். 81 வயதான என் அம்மா இரண்டாம் கட்டில் இருக்கிறார். முழங்கால் வலியோடு எழுந்து, முற்றத்தைச் சுற்றிக்கொண்டு அவர் வாசலுக்கு வருவதற்குள் கூரியர்காரர் போய்விடுவார். அவசரத்தில் வழுக்கி விழுந்துவிடுவாரோ என்பது சென்னையில் இருக்கும் எனக்கு அன்றாடக் கவலை. கைபேசியில் படம் காட்டும் வாசல் மணிகள் அவருக்கு ஆகாது. தவிர, அவற்றில் பல, வாசல் மணிக்கென்று 16 முதல் 24 வோல்ட் தரும் மின்மாற்றி இருக்கும் வெளிநாட்டு வீடுகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. நம் வீடுகளிலோ காலிங் பெல் சுவிட்சுக்கு நேராகவே 230 வோல்ட் வருகிறது. இந்த 230 வோல்ட்டை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

அம்மாவுக்குப் பழகியது கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் தரைவழித் தொலைபேசி ஒன்றுதான். எங்கள் தெருவில் இன்னும் செம்புக் கம்பி இணைப்பே இருப்பதால், தொலைபேசி நிலையத்திலிருந்து 48 வோல்ட் அந்தக் கம்பியிலேயே வந்து, மின்வெட்டு நேரத்திலும் அது வேலை செய்யும். லைனுக்கும் தொலைபேசிக்கும் நடுவில் ஒரு சிறு பெட்டியை வைத்து, வாசல் கருவியை அதனுடன் இணைப்பதுதான் என் திட்டம். வாசலில் பொத்தானை அழுத்தினால் அந்தப் பெட்டி தொலைபேசியை ஒலிக்க வைக்கும்; எடுத்துப் பேசி, ஓர் எண்ணை அழுத்தினால் கதவின் மின்பூட்டு திறக்கும். அம்மா எடுக்காவிட்டால் பெட்டியே லைனைப் பிடித்து என் கைபேசிக்கு அழைக்கும். யோசனையில் தவறில்லை என்றே இப்போதும் நினைக்கிறேன்.

வீட்டு வேலைகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு கைபேசிச் செயலியில் 299 ரூபாய் கட்டிப் பதிவு செய்தேன். சனிக்கிழமை காலை, சொன்ன நேரத்துக்கு ஒருவர் வந்தார். எந்த நொடியில் அவரை நம்பினேன் என்று திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு, திண்ணைத் தூணைக் கையால் தடவிப் பார்த்து, “பழைய வீடு சார், பயபக்தியோட கை வைக்கணும். இந்தக் காரையில டிரில்லை அதிர விட்டா பாளம் பாளமா வந்துரும்” என்றார். அது உண்மைதான், உண்மையைச் சொல்லியே என்னை வளைத்தார். அம்மாவின் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, “பாட்டிம்மா, இப்படி மணி அடிச்சா வாசல்ல ஆள், அப்படி அடிச்சா உங்க புள்ள” என்று தொலைபேசியை இரண்டு விதமாக ஒலிக்கவிட்டுக் காட்டினார். அம்மா ரிசீவரை எடுத்து “யாரு?” என்று கேட்க, வாசலில் நின்ற நான் “நான்தாம்மா” என்றேன். அம்மா குழந்தையைப் போலச் சிரித்தார். அதைக் கேட்ட பிறகு பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை.

திண்ணையின் கம்பிக் கதவில் மாட்டிய மின்பூட்டு மட்டும் ‘டிக்’ என்று சத்தமிட்டதே தவிரத் திறக்கவில்லை. “புதுப் பூட்டு சார், பழகினா விட்டுரும்” என்றார். புதுச் செருப்பா பழகுவதற்கு? அப்போதே கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

கருவி, பூட்டு, வயர், கூலி எல்லாம் சேர்த்து 20,000 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 3,600, ஆக 23,600 ரூபாய் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி நீட்டினார். செயலி வழியாகக் கட்டினால் கமிஷனைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் கழித்துத்தான் தருவார்கள், ஆகவே தன் கைபேசி எண்ணுக்கே அனுப்பிவிடும்படியும், பில் திங்கட்கிழமை வாட்ஸ்அப்பில் வரும் என்றும் சொன்னார். ஒரு தனிமனிதரின் யுபிஐ கணக்குக்கு ஜிஎஸ்டி எந்த வழியில் போய்ச் சேரும் என்பது, கணக்கு எழுதியே பிழைக்கும் எனக்குத் தோன்றாமல் போனதை என்னவென்று சொல்வது! அடுத்து, “நான் வந்ததைப் பதியணும், ஒரு ஓடிபி வந்திருக்கும் பாருங்க சார்” என்றார். காலையில் வந்தவர் தன் வருகையை மாலை மூன்று மணிக்கு ஏன் பதிய வேண்டும் என்று யோசிக்காமல், கண்ணாடியும் போடாமல், நான்கு இலக்கங்களையும் படித்துச் சொன்னேன். அது வேலை திருப்தியாக முடிந்தது என்று நான் ஒப்புக்கொள்வதற்கான எண் என்பதை மறுநாள்தான் கவனித்தேன்.

செவ்வாய் இரவு மழை பிடித்தது. நள்ளிரவில் தொலைபேசி தானாகவே ஒலித்திருக்கிறது. அம்மா எடுத்தால் உறுமல் சத்தம் மட்டும் கேட்டிருக்கிறது. புதன் மாலை சென்னையிலிருந்து அழைத்தேன், லைன் பிஸி. சித்தியுடன் பேசிக்கொண்டிருக்கிறார் என்று விட்டுவிட்டேன். வியாழன் காலையும் பிஸி, மதியமும் பிஸி. சித்தியை அழைத்துக் கேட்டால், “அக்காவுக்கு ரெண்டு நாளா நானும் அடிச்சுப் பாக்கறேன், உன்கூடப் பேசறான்னு இருந்தேன்” என்றார். எனக்கு உடல் ஒரு நிமிடம் விறைத்துப்போனது. எதிர் வீட்டுக்காரர்களை அனுப்பிப் பார்க்கச் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. அம்மாவுக்குக் குரல் கொடுக்க இருந்த ஒரே வழியையும், 23,600 ரூபாய் செலவழித்து நானே அடைத்திருக்கிறேன்.

வெள்ளி இரவு உழவன் விரைவு வண்டியில் ஏறி ஊருக்குப் போனேன். தொலைபேசி லைன்மேன் வந்து, அந்தப் பெட்டியைக் கழற்றி, வெளியிலிருந்து வரும் லைன் முடியும் சுவர்ப்பெட்டியான ரோசெட்டிலிருந்து நேராகத் தொலைபேசிக்கு இணைத்தார்; உடனே டயல் டோன் வந்தது. மழைத்தடுப்பு இல்லாத வாசல் கருவிக்குள் தண்ணீர் இறங்கிப் பொத்தான் ஒட்டிக்கொண்டதால், பெட்டி என்னை அழைப்பதற்காக லைனைப் பிடித்தபடியே நின்றுவிட்டது என்றார். மின்சாரம் நின்றால் லைனைத் தொலைபேசிக்கு நேராகத் திருப்பிவிடும் முனைகள் பெட்டியில் இருந்தும் அவற்றில் எதுவுமே இணைக்கப்படவில்லை. பிறகு எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். பூட்டு திறக்காததற்குக் காரணம், 12 வோல்ட் பூட்டுக்கு மெல்லிய தொலைபேசி வயரை வாசல் வரை இழுத்திருந்ததுதான். மீட்டர் வைத்துப் பார்த்தால் பூட்டருகே 8 வோல்ட்டே இருந்தது. உறுமலுக்குக் காரணம் இன்னும் மோசம். புதிதாகத் துளைக்கச் சோம்பல்பட்டு, பேச்சு வயரைப் பழைய காலிங் பெல் ஒயரோடு ஒரே மரப்பட்டியில் செருகியிருந்தார். அந்த 230 வோல்ட் முனையைத் துண்டித்து, டேப் சுற்றி, வாசல் கருவியின் இரும்புத் தகட்டுக்குப் பின்னால் அப்படியே திணித்திருந்தார். டேப் பாதி பிரிந்திருந்தது. மழையில் நனைந்த சுவர். தபால்காரரோ பால்காரரின் பையனோ கை வைக்கும் இடம். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

பிறகு நடந்ததுதான் வழக்கமான கதை. பொருத்தியவர் முதல் அழைப்பில் “ரெண்டு நாள் காயட்டும் சார், தானா சரியாயிடும்” என்றார். இரண்டாவதில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவதிலிருந்து என் எண்ணை எடுப்பதே இல்லை. செயலியின் வாடிக்கையாளர் சேவையில் ஒவ்வொரு முறையும் ஒரு புதியவர் என் சிரமத்துக்கு வருந்திவிட்டு, பழையவர் கேட்ட அதே ஆறு புகைப்படங்களை மறுபடி கேட்டார். கடைசியில் ஒருவர், ஓடிபி கொடுத்துவிட்டதால் வேலை முடிந்ததாகவே பொருள் என்றும், 23,600 ரூபாய் எங்கள் வழியாக வரவில்லை என்றும், நல்லெண்ணத்துக்காக 299 ரூபாயை மட்டும் அடுத்த பதிவில் கழிக்கும் கூப்பனாகத் தருவதாகவும் சொன்னார். அடுத்த பதிவாம்! கருவியை விற்ற தரப்பில், உத்தரவாத அட்டையில் முத்திரையும் இல்லை, தேதியும் இல்லை, அங்கீகரிக்கப்பட்டவர் பொருத்தவும் இல்லை என்று மூன்று ‘இல்லை’ சொல்லி முடித்துவிட்டார்கள்.

பழைய வீட்டில் இந்த வேலையைச் செய்விக்க விரும்புபவர்களுக்கு விரிவாக அறிவுரை எழுதவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். இருக்கும் மனநிலையில் இவ்வளவுதான் வருகிறது. செயலியில் வந்தவருக்குச் செயலிக்கு வெளியே ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். ஓடிபி எதற்கு என்று குறுஞ்செய்தியை முழுதாகப் படிக்காமல் சொல்லாதீர்கள். ஜிஎஸ்டி எண் இல்லாத துண்டுத்தாளுக்கு ஜிஎஸ்டி கொடுக்காதீர்கள். மின்சார மெயினை அணைக்கச் சொல்லிவிட்டு, உங்கள் கண் முன்னால் தொலைபேசியில் டயல் டோன் வருகிறதா என்று பாருங்கள். பழைய பெல் ஒயரை என்ன செய்தார் என்று தகட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். இணைய வணிகத்துக்கான 2020 விதிகளின்படி, குறைதீர் அலுவலர் உங்கள் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஆகவே அரட்டைப் பெட்டியில் மன்றாடாமல் அந்த அலுவலருக்கே எழுதுங்கள். நான் இன்றுதான் எழுதியிருக்கிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்திருக்கிறேன். புகார் எண் வந்திருக்கிறது, 23,600 ரூபாய் வரவில்லை.