ரிம் பிரேக் ரோடு பைக்கை மாற்றலாமா? பல வருடம் ஓட்டியவனின் கணக்கு

என்னிடம் இருப்பது அலுமினிய ஃப்ரேம், கார்பன் ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் கவை), ரிம் பிரேக் (ரிம் என்ற சக்கர வளையத்தையே ரப்பர் கட்டை பிடித்து நிறுத்தும் வகை), ஷிமானோ டியாக்ரா 4700 கியர் செட். முன்னால் இரண்டு பல்சக்கரம், பின்னால் பத்து. பெடலோடு சேர்த்து ஒன்பதரை கிலோ. விடியற்காலை ஓட்டம், வார இறுதி நெடுந்தூரம், அவ்வப்போது மலைச்சாலை, மழை, புழுதி என்று எல்லாவற்றுக்கும் பல வருடமாக இதே சைக்கிள்தான். பந்தயத்துக்குப் போகிற ஆள் இல்லை நான். நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்தாலும் மறுநாள் கழுத்தைத் திருப்ப முடிய வேண்டும், அவ்வளவுதான் எதிர்பார்ப்பு.

ஃப்ரேமில் விரிசல் இல்லை. கியர் ஒழுங்காக விழுகிறது. ஆனாலும் புதிது வாங்கலாமா என்ற நினைப்பு கொஞ்ச காலமாக விடாமல் துரத்துகிறது. கூட ஓட்டுகிறவர்கள் ஒவ்வொருவராக கார்பன், டிஸ்க் பிரேக் (சக்கரத்தின் நடுவில் இருக்கும் தட்டைப் பிடித்து நிறுத்தும் வகை), எலக்ட்ரானிக் கியர் என்று மாறிவிட்டார்கள். அவர்களைப் பார்த்து வந்த ஆசையா, உண்மையான தேவையா என்று பிரித்துப் பார்க்கவே எனக்கு நாள் பிடித்தது.

முதலில் வேகம். புது சைக்கிள் விளம்பரங்கள் எல்லாம் அதைத்தான் விற்கின்றன. சமதரையில் மணிக்கு 30 கிலோமீட்டரில் போகும்போது நாம் போடும் உழைப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு காற்றைக் கிழிப்பதற்கே போய்விடுகிறது. அந்தக் காற்றுத் தடையிலும் பெரும்பங்கு சைக்கிளால் வருவதில்லை, மேலே உட்கார்ந்திருக்கும் உடம்பால் வருகிறது. 30-லிருந்து 33-க்குப் போக வேண்டுமென்றால் காற்றுக்காக மட்டும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சக்தி வேண்டும், ஏனென்றால் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிக்கேற்ப ஏறுகிறது. முழங்கையை மடக்கி, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி ஓட்டினாலே காற்றுத் தடை கணிசமாகக் குறைகிறது. அதற்கு யாரும் காசு கேட்பதில்லை.

எடை பற்றிய பேச்சும் இப்படித்தான். நான் கண் வைத்திருந்த கார்பன் சைக்கிள் என்னுடையதைவிட ஒன்றரை கிலோ குறைவு. கையில் தூக்கினால் வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும். ஆனால் மலை ஏறும்போது சைக்கிளோடு ஆளும் தண்ணீரும் சேர்த்து எண்பது கிலோவுக்கு மேல் மேலே போகிறது. அதில் ஒன்றரை கிலோ என்பது இரண்டு சதவீதத்துக்கும் கீழே. ஒரு மணி நேர ஏற்றத்தில் சுமார் ஒரு நிமிடம் மிஞ்சும். பந்தயக்காரருக்கு அந்த ஒரு நிமிடம் பெரிய சொத்து, அவர்களுக்கே 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று உலக சைக்கிள் சம்மேளனமான யூசிஐ 2000-ஆம் ஆண்டிலிருந்து எல்லை போட்டு வைத்திருக்கிறது. எனக்கு அந்த நிமிடம் மேலே போய் மூச்சு வாங்குவதில் கழிந்துவிடும்.

ஆக, வேகத்துக்காக மாற்றுவது என்ற காரணத்தை அடித்துவிட்டேன்.

அடுத்து, இருக்கும் சைக்கிளில் என்னென்ன சரி செய்ய முடியும் என்று பார்த்தேன். ஓட்டம் மாறியது டயரால்தான். சைக்கிளோடு வந்த டயர் தடித்த ரப்பர், ஓரத்தில் இரும்புக் கம்பி வைத்தது. பஞ்சர் ஆகாது, ஆனால் உருளவும் மனசு வராது. அதைக் கழற்றிவிட்டு மெல்லிய, வளைந்து கொடுக்கும் ரேஸ் டயர் போட்ட அன்று, சைக்கிளையே மாற்றிவிட்டேனோ என்று தோன்றியது. சாதாரண ட்யூப் நூறு கிராமுக்குப் பக்கத்தில் இருக்கும். டிபியு என்ற மெல்லிய பிளாஸ்டிக் ட்யூப் அதில் பாதிகூட இல்லை, சுருட்டினால் சட்டைப் பையில் அடங்கிவிடும். புது சைக்கிள் யோசனையில் இருப்பவர்கள் முதலில் டயரை மாற்றி ஒரு மாதம் ஓட்டிப் பார்ப்பது நல்லது. பாதிப் பேருக்கு ஆசை அங்கேயே தணிந்துவிடும் என்பது என் கணிப்பு.

கேசட்டையும், அதாவது பின் பல்சக்கர அடுக்கையும் மாற்றினேன். 11 முதல் 28 பல் வரை இருந்த இடத்தில் 11 முதல் 34 வரை. முன்னால் சின்ன பல்சக்கரத்திலும் 34 பல், ஆகவே கடைசி கியரில் பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரே சுற்று. பழைய கடைசி கியரைவிட இது ஏறத்தாழ 18 சதவீதம் இலகு. செங்குத்தான இடங்களில் எழுந்து நின்று முட்டி வலிக்க மிதித்தவன் இப்போது உட்கார்ந்தபடியே ஏறுகிறேன். பின் டிரெய்லியர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவி) நீளக் கை கொண்டதாக இருந்ததால் இது முடிந்தது. குட்டைக் கை வகையாக இருந்தால் அதையும் மாற்ற வேண்டியிருக்கும். செயினும் கொஞ்சம் நீளமாக வேண்டும்.

ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மை 110 மில்லிமீட்டரிலிருந்து 90-க்குக் குறைத்ததில் கை மரத்துப்போவது நின்றது. சீட் உயரத்தையும் ஒரு தடவை ஒழுங்காக அளந்து வைத்தேன். இவ்வளவுக்கும் ஆன செலவு, புது சைக்கிளின் சக்கரம் ஒன்றின் விலைக்குக்கூட வராது.

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் டயர் விஷயத்தில் ஓர் இடத்தில் முட்டிக்கொண்டேன்.

அகலமான டயரில் குறைந்த காற்றழுத்தத்தில் ஓட்டுவதுதான் சொகுசு, கரடுமுரடான ரோட்டில் அதுதான் வேகமும்கூட. முன்பு 23 மில்லிமீட்டர் அகல டயரில் கல் மாதிரி 110 பிஎஸ்ஐ அடைத்துக்கொண்டு ஓட்டினோம். இப்போது பந்தயத்திலேயே 28, 30 என்று போய்விட்டார்கள். என் சைக்கிளில் 25 தாராளமாக உட்காரும். 28 போட்டால் டயருக்கும் பிரேக்கின் வளைவுக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளிதான். காய்ந்த ரோட்டில் பிரச்சினை இல்லை. மழை பெய்து மண்ணும் பொடிக்கல்லும் டயரில் ஒட்டினால் 'சரக் சரக்' என்று உரசிக்கொண்டே வரும். வீட்டுக்கு வந்து முன் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், ஃபோர்க்கின் உள்வளைவில் பெயின்ட் போய் கார்பன் பளபளவென்று தெரிந்தது. திரும்ப 25-க்கே வந்துவிட்டேன். இதற்கு எந்த உதிரிபாகமும் தீர்வு இல்லை, ஃப்ரேமின் அளவே அதுதான்.

இந்தச் சமயத்தில் நண்பர் ஒருவர் தன் சைக்கிளைக் கொடுத்தார். கார்பன் ஃப்ரேம், ஹைட்ராலிக் டிஸ்க் (குழாயில் இருக்கும் எண்ணெயின் அழுத்தத்தில் பிடிக்கும் பிரேக்), 32 டயர், ஷிமானோ 105 டிஐ2 எலக்ட்ரானிக் கியர். "நாலு வாரம் வச்சு ஓட்டிப் பாரு, அப்புறம் பேசு" என்றார். என்னுடையதை அவர் எடுத்துக்கொண்டார்.

முதல் நாள் மயக்கம் எல்லாருக்கும் வருவதுதான், அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டாம் வாரத்திலிருந்து கவனித்தேன். வழக்கமான பாதையில் நேரம் பெரிதாக மாறவில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதுதான் சைக்கிளைவிட அதிகம் தீர்மானித்தது. எலக்ட்ரானிக் கியர் சுகம், மறுக்கவில்லை. முக்கியமாக முன் பல்சக்கரம் மாறும்போது லீவரை விரலால் அழுத்தித் தள்ள வேண்டியதில்லை, ஒரு பொத்தான், முடிந்தது. ஆனால் சார்ஜ் போட வேண்டிய பொருள்கள் வீட்டில் ஏற்கெனவே போதும். நல்ல கேபிள் போட்டு ஒழுங்காக டியூன் செய்த என் டியாக்ராவை ஓட்டும்போது இந்தக் குறை ஞாபகத்துக்குக்கூட வருவதில்லை.

பிரேக் விஷயம் வேறு. மழையில் நீண்ட இறக்கம் ஒன்று. ரிம் பிரேக்கில் அந்த இடத்தில் என்ன நடக்கும் என்பது உடம்புக்கே பழக்கம்: லீவரை அழுத்தினால் முதலில் ஒன்றும் ஆகாது, பிரேக் கட்டை ரிம்மில் இருக்கும் தண்ணீரை வழித்தெடுக்கும், சக்கரம் ஓரிரு சுற்று சுற்றும், அப்புறம்தான் பிடிக்கும். அதற்காக வளைவு வருவதற்கு வெகு முன்பே அழுத்த ஆரம்பிப்போம். நண்பரின் சைக்கிளில் ஒரு விரல் வைத்தேன், அந்தக் கணமே பிடித்தது. எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு, கூடவும் இல்லை குறையவும் இல்லை. கீழே வந்தபோது முன்கை வலி இல்லை. பழைய சைக்கிளில் இதே இறக்கம் முடிந்தால் கையை உதறிவிட்டுத்தான் தண்ணீர் பாட்டிலை எடுப்பேன்.

இதையும் பழைய சைக்கிளில் கொண்டுவர முடியாது. டிஸ்க் பிரேக் மாட்ட ஃப்ரேமிலும் ஃபோர்க்கிலும் இடம் வேண்டும், சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பில் ரோட்டர், அதாவது பிரேக் தட்டு, பொருந்த வேண்டும். என் பின் ஹப் 130 மில்லிமீட்டர் அகலம், சின்ன நெம்புகோலைத் திருப்பிக் கழற்றும் குயிக் ரிலீஸ். புது டிஸ்க் சைக்கிள்களில் 142 மில்லிமீட்டர், தடித்த அச்சை ஊடே செருகி முறுக்கும் த்ரூ ஆக்சில். பழைய சக்கரத்தைப் புதுசில் மாட்டவும் முடியாது, புதுசைப் பழையதிலும் மாட்ட முடியாது.

டிஸ்க் என்றால் தலைவலியே இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். செயினுக்கு அடிக்கிற ஸ்ப்ரே எண்ணெய் ரோட்டரில் லேசாகப் பட்டால் போதும், தெருவே திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கீச்சிடும்; பேட் பாழ். குழாயில் காற்று புகுந்தால் லீவர் தொளதொளவென்று ஆகிவிடும், எண்ணெய் மாற்றிக் காற்றெடுக்கத் தெரிந்த ஆள் வேண்டும். அதைவிட எரிச்சல், பிரேக் குழாயை ஹெட்செட் (ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங் இருக்கும் இடம்) வழியாக உள்ளே நுழைத்துவிடும் இப்போதைய பழக்கம். பார்க்க அழகு. மேல் பேரிங் தேய்ந்து அதை மாற்ற வேண்டி வந்தால், பேரிங்குக்காக பிரேக் குழாயையே கழற்ற வேண்டும். வெளியே கேபிள் ஓடும் என் சைக்கிளில் அது தேநீர் ஆறுவதற்குள் முடிகிற வேலை. யாருக்காக இப்படிச் செய்கிறார்கள் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

நண்பருடையது போன்ற புது சைக்கிள்களின் பன்னிரண்டு கியர் செயின் விஷயமும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது. பத்து கியர் செயினை, அது தேய்ந்து எவ்வளவு நீண்டிருக்கிறது என்று பார்க்கும் அளவுகோல் 0.75 சதவீதம் காட்டும்வரை ஓட்டலாம். பதினொன்று, பன்னிரண்டு கியர் செயின் மெல்லியது, 0.5-லேயே மாற்றிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் கேசட்டும் சேர்ந்து தேயும்.

இத்தனையும் கூட்டிக் கழித்து, இன்னும் சில வருடம் இதையே ஓட்டலாம் என்ற பக்கம்தான் சாய்ந்திருந்தேன். தராசைச் சாய்த்தது முன் ரிம். ரிம் பிரேக்கில் தேய்வது கட்டை மட்டும் இல்லை, ரிம்மின் பக்கச் சுவரும்தான். எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று காட்ட அதில் ஒரு மெல்லிய கோடு பள்ளமாக வெட்டியிருப்பார்கள். என் முன் ரிம்மில் அந்தக் கோடு பல இடங்களில் மறைந்துவிட்டது. விரலை மேலிருந்து கீழே ஓட்டினால் சுவர் குழிந்திருப்பது தெரிகிறது. அழுத்தமாகக் காற்றடித்த டயரை அந்தச் சுவர்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதை நினைத்தால் இறக்கத்தில் மனசு நிம்மதியாக இருக்காது.

சரி, புது ரிம் போட்டுக் கோட்டம் எடுத்துக்கொள்ளலாமே என்றால், அதுவும் ஒரு வழிதான். ஆனால் யூசிஐ 2018-இல் ரோடு பந்தயங்களுக்கு டிஸ்க் பிரேக்கை முழுமையாக அனுமதித்த பிறகு கம்பெனிகள் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. ரிம் பிரேக்குக்கான நல்ல சக்கரங்களின் தேர்வு சுருங்கிக்கொண்டே வருகிறது. நல்ல சக்கரமாகப் போட்டால் செலவு கணிசம். அதையும் போட்டுவிட்டு 25 டயரும் மழை பிரேக்கும் அப்படியேதான் இருக்கும்.

அதனால் வாங்குவதாக முடிவு செய்துவிட்டேன். ஆனால் ஆரம்பத்தில் கண் வைத்திருந்த கார்பன் சைக்கிள் இல்லை. டயர் இடம் குறைந்தது 32, ஹைட்ராலிக் டிஸ்க், கேபிள் இழுத்து மாறும் கியர், மரை போட்டு முறுக்கும் பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுழலும் பேரிங் தொகுதி), ஹெட்செட்டுக்குள் நுழையாத பிரேக் குழாய். அழுத்திப் பொருத்தும் பாட்டம் பிராக்கெட் வேண்டாம் என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன். கூட ஓட்டுகிற ஒருவரின் சைக்கிளில் ஒவ்வொரு மிதிக்கும் 'டிக் டிக்' கேட்டே எனக்குப் போதுமென்றாகிவிட்டது. கியரில் ஷிமானோ 105 பன்னிரண்டு கியர், 2022-இல் எலக்ட்ரானிக்காக மட்டும் வந்தது, அடுத்த வருடம் கேபிள் வகையும் வந்துவிட்டது. ஆக அதற்கும் குறையில்லை. இந்தப் பட்டியலோடு தேடினால் பெரும்பாலும் அலுமினிய ஃப்ரேமில்தான் போய் நிற்கிறேன். "கார்பன் இல்லாம என்ன புது வண்டி?" என்கிறார் சைக்கிள் கொடுத்த நண்பர். மிச்சமாகும் பணம் டயருக்குப் போகும் என்றேன்.

சைஸ் விஷயத்தில் மட்டும் அவசரப்படவில்லை. ஒரு கம்பெனியின் 54-ம் இன்னொரு கம்பெனியின் 54-ம் ஒன்றாக இருப்பதில்லை. அந்த எண்ணை விட்டுவிட்டு ஸ்டாக், ரீச் என்ற இரண்டு அளவுகளைப் பார்க்க வேண்டும்: பெடல் அச்சிலிருந்து ஹெட் ட்யூபின் மேல்முனை எவ்வளவு உயரம், எவ்வளவு முன்னால் என்பது. பழைய சைக்கிளில் ஸ்டெம் மாற்றியபிறகு கை எங்கே வந்து நிற்கிறதோ அதை அளந்து எழுதிவைத்திருக்கிறேன். அதற்கு நெருக்கமாக வருகிற ஃப்ரேம்களைத்தான் பார்க்கிறேன். பழகிய சீட்டும் பெடலும் கழன்று புதுசுக்குப் போகும்.

பழையதை விற்கப் போவதில்லை. தேய்ந்த ரிம்மோடு இன்னொருவர் தலையில் கட்ட மனசில்லை. பின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு நேராக மாட்டி, வீட்டுக்குள்ளேயே நின்ற இடத்தில் மிதிக்கும் டிரெய்னர் ஒன்று வீட்டில் கிடக்கிறது, அதன் மேல் பழைய பத்து கியர் கேசட்டைப் போட்டுவிட்டால் மழைக்காலத்துக்கு ஆயிற்று. அங்கே முன் சக்கரம் சுற்றுவதே இல்லை என்பதால் ரிம் எப்படி இருந்தாலும் கவலை இல்லை.