மகரகமவா, சென்னையா? முகத்தில் புற்றுக்கட்டி வந்த பிள்ளைக்குத் திருகோணமலையிலிருந்து ஓர் அலசல்

தங்கச்சியின் மகளுக்குக் கன்னத்தில் வந்த வீக்கம் ராப்டோமயோசார்கோமா என்று உறுதியானதும், வீட்டில் எல்லாரும் மருந்தை விட்டுவிட்டு இடத்தைப் பற்றித்தான் கதைத்தார்கள். கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையா, சென்னையா? "காணியை வித்தாவது இந்தியா கொண்டு போங்கோ" என்றார் பெரியப்பா. நாங்கள் மகரகமவுக்குப் போனோம். ஆகவே இதில் பக்கச்சார்பு இருக்கும்.

தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மகரகம அரச வைத்தியசாலை, சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. சென்னைத் தனியார் மருத்துவமனையில் எல்லாம் கைக்காசு. மொழியில் சென்னைதான் சுகம். மகரகம வார்ட்டில் பெரும்பாலும் சிங்களம்தான், முதல் வாரங்களில் தங்கச்சிக்கு அது பெரிய தலையிடியாக இருந்தது. தெல்லிப்பழையிலும் மட்டக்களப்பிலும் புற்றுநோய்ப் பிரிவுகள் உண்டு. எங்களை அனுப்பியது மகரகமவுக்கு.

நோயைக் கண்டுபிடிக்கும் முறை இரண்டு ஊரிலும் ஒன்றுதான். தசையாக வளர வேண்டிய இளம் கலங்கள் வழிதவறிப் பெருகுவதுதான் இந்த நோய். பிள்ளைகளின் மென்னிழையப் புற்றுகளில் இதுவே அதிகம் என்றாலும், மொத்தத்தில் அபூர்வம். அதனால்தான் பல்லில் சீழ், கூகைக்கட்டு என்றெல்லாம் நினைத்து நாட்கள் போய்விடுகின்றன. அன்டிபயோட்டிக்குக் குறையாமல் வளர்ந்துகொண்டே போகும் வீக்கத்துக்கு எம்ஆர்ஐ, பிறகு பயொப்சி. எடுத்த துண்டில், தசைக் கலங்களைக் காட்டிக்கொடுக்கும் டெஸ்மின், மயோஜெனின் சாயங்கள் பிடிக்கின்றனவா என்று பார்ப்பார்கள். எம்ப்ரியோனல் வகையா, கடுமையான அல்வியோலர் வகையா என்று பிரிப்பார்கள். பரவலை அறிய நெஞ்சுக்கு சிடி ஸ்கேன், எலும்பு மச்சைப் பரிசோதனை. மண்டையோட்டின் அடிப்பக்கம் என்றால் முதுகுத்தண்டு நீரும் எடுப்பார்கள்.

மருந்தும் ஏறத்தாழ அதேதான்: வின்கிரிஸ்டின், அக்டினோமைசின், சைக்ளோபொஸ்பமைட். ஐரோப்பாவில் கடைசி மருந்துக்குப் பதிலாக ஐபொஸ்பமைட் கொடுப்பார்கள். முகத்தில் கத்தியை முதலில் வைப்பது குறைவு. கட்டியைச் சுற்றியுள்ள நல்ல சதை விளிம்போடு வெட்டப்போனால் முகநரம்பு போய்விடலாம், கண்ணுக்கும் ஆபத்து. அதனால் மருந்து, அப்புறம் கதிர்ச் சிகிச்சை.

அப்படியானால் வித்தியாசம் எங்கே? என்னைக் கேட்டால், காய்ச்சலில். மருந்து ஏற்றி ஒன்றிரண்டு வாரத்தில் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் குறைந்துவிடும். அந்த நேரத்தில் 38 பாகை காய்ச்சல் வந்தால், பனடோல் கொடுத்துப் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. ஒரு மணித்தியாலத்துக்குள் நரம்பில் அன்டிபயோட்டிக் ஏற வேண்டும். சிகிச்சை ஒரு வருடத்தை நெருங்கும், இப்படிக் காய்ச்சல் ஒரு தடவையோடு நிற்காது. எங்கள் பிள்ளைக்கு இரவில் காய்ச்சல் வந்தபோது, கிளினிக் கொப்பியோடு திருகோணமலை ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடினோம். டொக்டர் மகரகம வார்ட்டுக்கு கோல் எடுத்துக் கதைத்தார், மருந்து ஏறியது. சென்னையில் மருந்து ஏற்றிவிட்டு இடையிடையே ஊருக்கு வருகிற பிள்ளைக்கு அந்த இரவில் யார் பொறுப்பு? வராமல் அங்கேயே இருக்கலாம் என்றால், வருடம் முழுக்க வாடகை அறை, விசா நீட்டிப்பு, மச்சானின் வேலை, வீட்டில் மற்றப் பிள்ளை. காணி விற்ற காசு பாதியில் தீர்ந்து, ஒரு சுற்று மருந்து தவறினால், அது முதலிலேயே மகரகமவில் தொடங்குவதைவிட மோசம். சிகிச்சையின் இடையே ஏற்ற வேண்டிவரும் இரத்தமும் அப்படித்தான். இந்தியாவில் பல இடங்களில் உறவினர்கள் பதிலுக்கு இரத்தம் கொடுக்க வேண்டும்; எங்களிடம் இங்கே யாரும் ஆள் கேட்கவில்லை.

சென்னைக்கு ஒரு விஷயத்தில் முழு மதிப்பும் கொடுக்க வேண்டும். 2019இல் அங்கே அப்பலோவில் புரோட்டோன் கதிர்ச் சிகிச்சை தொடங்கியது. சாதாரணக் கதிர் கட்டியைத் தாண்டி அப்பாலும் போகும். புரோட்டோன் குறித்த ஆழத்தில் நின்றுவிடும். வளரும் முகத்துக்கு அது சின்ன விஷயமில்லை. கதிர் பட்ட பக்கத்துத் தாடையெலும்பு சிறுத்துப் போகலாம், பல் முளைப்பது கெடலாம், கண்ணில் பின்னாளில் புரை விழலாம். எங்கள் பிள்ளைக்குக் கட்டி கன்னத்தின் வெளிப்பக்கம், ஆகவே நாங்கள் அதிகம் யோசிக்கவில்லை. கண்குழியிலோ மண்டையோட்டின் அடியிலோ வந்தவர்களின் நிலை எனக்கு நேரில் தெரியாது. அவர்கள் கதிருக்கு மட்டும் சென்னை போகலாமா என்று டொக்டரிடம் ஆரம்பத்திலேயே கேட்க வேண்டும். கதிர் ஐந்தாறு வாரம் நடக்கும், அந்த நாட்களில் அக்டினோமைசினை நிறுத்தி வைப்பார்கள், ஆகவே இரண்டு ஊரின் அட்டவணையும் முதலே பொருந்த வேண்டும்.

இரண்டாவது கருத்து வேண்டும் என்பதற்காக மட்டும் பிள்ளையை விமானம் ஏற்ற வேண்டாம். பயொப்சி இழையத்தை லாப்பில் மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். டொக்டரின் கடிதத்தோடு அதையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கி, ஸ்கேன் படங்கள் பதிந்த தட்டோடு சென்னைக்கு அனுப்பலாம். பெரியப்பாவும் அதற்குச் சம்மதித்தார்.