38,500 ரூபாய் போயிற்று: பழைய கப்பல் காகிதம் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

சனிக்கிழமை மாலை உறையைப் பிரித்தேன். இன்று வியாழன். இந்த ஐந்து நாளும் வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. 38,500 ரூபாய். வீட்டுக்கு வெள்ளையடிக்க என்று இரண்டு வருடமாக ஒதுக்கி வைத்த பணம். பழைய கப்பல் காகிதம் சேர்க்கும் பைத்தியம் உள்ளவர்கள் நம்மில் அதிகம் பேர் இல்லை. இருக்கிற சிலராவது தப்பிக்கட்டும். எதை எப்படிச் சோதித்து வாங்க வேண்டும் என்று பத்து குறிப்புகள் கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்ததைக் கொட்டிவிடுகிறேன்.

ஒலிம்பிக் கப்பல் 1911 ஜூன் 14 அன்று சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்குத் தன் முதல் பயணம் கிளம்பியது. அந்தப் பயணத்தின் முதல் வகுப்புப் பயணிகள் பெயர்ப்பட்டியல் என்று சொல்லி எனக்கு ஒன்றை விற்றார்கள். அந்தக் காலத்து அட்லாண்டிக் கப்பல்களில் முதல் வகுப்பில் ஏறியவர்களுக்கு இப்படி ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள். கூட வருகிற கோடீஸ்வரர் யார், பிரபு யார், யாரிடம் போய்ப் பேச்சுக் கொடுக்கலாம் என்று பார்த்துக்கொள்வதற்கு. எஜமானர்களுக்குத்தான் பெயர், கூட வந்த வேலைக்காரர்கள் 'இன்ன சீமாட்டியும் பணிப்பெண்ணும்' என்று பெயரில்லாமல் ஒட்டிக்கொண்டிருப்பார்கள். சாப்பாட்டு நேரம், மேல்தளத்தில் சாய்வு நாற்காலிக்கு 4 ஷில்லிங் வாடகை என்பது போன்ற விவரங்களும் அதில் இருக்கும். பலர் ஞாபகார்த்தமாக வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். அப்படித் தப்பிப் பிழைத்தவைதான் இன்று ஏலத்துக்கு வருகின்றன.

எங்கே வாங்கினேன் என்று கேட்காதீர்கள். பழம்பொருள்களை ஏலம் விடும் ஓர் இணையதளம், அதில் கடை போட்டிருக்கும் ஒருவர், அவ்வளவுதான் சொல்வேன். என்னை 'ஐயா' என்று அழைத்தார். நானும் 'தம்பி, தம்பி' என்று உருகினேன்.

நான் முதலிலேயே கேட்டேன்: "இவ்வளவு அரிய பொருள் இந்த விலைக்கு எப்படித் தம்பி?" அவர் சொன்ன பதிலில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் இன்னும் வயிற்றைப் பிசைகிறது. "ஐயா, இது டைட்டானிக் இல்லையே. அதன் அக்கா. மூழ்காத கப்பல். 1935 வரை ஓடியது. உடைக்கப் போனபோது உள்ளே இருந்த மரவேலைப்பாடுகளைக்கூட ஏலம் விட்டார்கள். ஒலிம்பிக் பொருள் சந்தையில் கிடைக்கும், டைட்டானிக் பொருள்தான் கிடைக்காது." அத்தனையும் உண்மை. இவ்வளவு தெரிந்த பையன் ஏமாற்ற மாட்டான் என்று நினைத்தேன் பாருங்கள், அந்த நிமிடத்திலேயே பணம் போய்விட்டது.

பிறகு ஒரு படம் அனுப்பினார். அது என்ன பக்கம் தெரியுமா? சூதாடிகளைப் பற்றிய எச்சரிக்கைப் பக்கம்! ஒலிம்பிக், டைட்டானிக் இரண்டையும் ஓட்டிய ஒயிட் ஸ்டார் கம்பெனி தன் பயணிகளுக்கு அச்சிட்டுக் கொடுத்தது. தொழில்முறைச் சூதாடிகள் என்று நம்பப்படும் சிலர் அட்லாண்டிக் கப்பல்களில் போவதும் வருவதுமாக இருக்கிறார்கள், ஆகவே சீட்டாட்டம் போன்றவற்றை ஊக்குவிக்காமல் இருக்கும்படி பயணிகளைக் கேட்டுக்கொள்கிறோம் என்று மிகப் பணிவாக எழுதியிருக்கும். இப்படி ஓர் அறிவிப்பு இருந்தது என்பது இந்த விஷயத்தில் ஊறியவர்களுக்குத்தான் தெரியும். பக்கத்தின் மூலையில் வட்டமாக ஒரு தேநீர்க் கறை வேறு. யாரோ ஒரு சீமான் கோப்பையை வைத்த இடம் என்று கற்பனை செய்துகொண்டேன். எச்சரிக்கைப் பக்கத்தைக் காட்டியே ஒருவன் என்னை மயக்கியிருக்கிறான்.

38,500 ரூபாயும் அன்றே அனுப்பினேன்.

பொருள் நான்காம் நாள் வந்தது. கனத்த பிளாஸ்டிக் உறை, நான்கு பக்கமும் ஒட்டியிருந்தது. உடனே அவரிடமிருந்து தொலைபேசி. "ஐயா, தயவு செய்து பத்து நாள் பிரிக்காதீர்கள். நூறு வருடக் காகிதம். குளிர்ந்த ஊரிலிருந்து வந்திருக்கிறது. நம் ஊர் வெக்கைக்குப் பழகாமல் காற்றுப் பட்டால் பொடிந்துவிடும்." எவ்வளவு அக்கறை! நான் அதைப் பீரோவில் துணிகளுக்கு நடுவே வைத்துவிட்டு, நாள்காட்டியில் கோடு போட்டுக் காத்திருந்தேன். அந்த இணையதளத்தில் பொருளைத் திருப்பி அனுப்ப ஏழு நாள்தான் அவகாசம். அதை நான் பார்க்கவில்லை. அவர் பார்த்திருக்கிறார்.

அந்தக் காலத்துக் கப்பல் சூதாடிகளின் வேலையும் இதேதான். புகைக்கும் அறையில் முதல் இரண்டு மூன்று நாள் சிரித்துப் பேசி, சின்னச் சின்ன ஆட்டத்தில் நம்மை ஜெயிக்கவிட்டு, கரை தெரிவதற்கு முந்தின இரவு பெரிய தொகையாகச் சுருட்டுவார்கள். மறுநாள் துறைமுகத்தில் எங்கே போய்த் தேடுவது? டைட்டானிக்கின் முதல் வகுப்பிலேயே மூன்று சூதாடிகள் பொய்ப்பெயரில் ஏறியிருந்தார்கள். பிரியர்ட்டன் என்பவர் பிரேட்டன் என்ற பெயரில் வந்தார், உயிரோடும் கரை சேர்ந்தார்.

பத்து நாள் முடிந்து பிரித்தேன். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும், வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் முப்பத்தொரு வருடம் அச்சகத்தில் வேலை பார்த்தவன். ஈய எழுத்தைக் கையால் கோத்து, பிறகு புரூப் திருத்தி ஓய்வு பெற்றவன். ஈய எழுத்தில் அச்சிட்ட தாளின் பின்பக்கத்தை விரலால் தடவினால் எழுத்து அழுந்திய தடம் லேசாகத் தெரியும். தடவினேன். வழவழவென்று இருந்தது. கண்ணாடித் துண்டைத் தடவியது போல. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எழுத்தின் ஓரமெல்லாம் பொடிப் பொடிப் புள்ளி, கணினி அச்சில் வருவது போல. தேநீர்க் கறையும் புள்ளிதான். கறையையே அச்சிட்டிருக்கிறான்! படத்தில் தெரியாதது விரலில் ஒரு நொடியில் தெரிந்தது. அந்த விரலைத்தான் பத்து நாள் கட்டிப் போட்டிருந்தான்.

அதன் பிறகு பெயர்களைப் படித்தேன். கப்டன் ஸ்மித், டாக்டர் ஓலாஃப்லின், பர்சர் (கப்பலின் கணக்கு அதிகாரி) மெக்கல்ராய். சரி, இவர்கள் ஒலிம்பிக்கில் இருந்து பிறகு டைட்டானிக்குக்குப் போனவர்கள், அதில் சந்தேகம் வராது. பயணிகளில் 'ஏ' வரிசைக்கு வந்தேன். கர்னல் ஆஸ்டர், வேலையாளுடன். அடுத்த வரியில் திருமதி ஆஸ்டர், பணிப்பெண்ணுடன். டைட்டானிக்கோடு மூழ்கிய கோடீஸ்வரர் ஜான் ஜேக்கப் ஆஸ்டருக்கும் முதல் மனைவிக்கும் விவாகரத்து முடிந்தது 1910இல். இரண்டாவதாக மேடலினைக் கல்யாணம் செய்துகொண்டது 1911 செப்டம்பரில். 1911 ஜூனில் எந்தத் திருமதி ஆஸ்டர் அவரோடு கப்பல் ஏறினார்? கீழே குகன்ஹைம், இசிடோர் ஸ்ட்ராஸ் தம்பதி என்று டைட்டானிக்கில் போனவர்களே வரிசையாக வருகிறார்கள். திரு. மார்கன், திருமதி மார்கன் என்றுகூட இருக்கிறது. டஃப் கார்டன் தம்பதி டைட்டானிக்கில் வைத்துக்கொண்ட புனைபெயர் அது! 1912 ஏப்ரல் 10 அன்று கிளம்பிய டைட்டானிக்கின் பட்டியலை அப்படியே எடுத்து, மேலட்டையில் ஒலிம்பிக் என்று போட்டு, பத்து மாதம் முன்தேதியிட்டு விற்றிருக்கிறான். பலர் வட அட்லாண்டிக்கில் செத்துப்போன பட்டியல். அதை மாற்றி எழுதக்கூடச் சோம்பல்.

சனிக்கிழமை இரவே தொலைபேசியில் அழைத்தேன். "ஐயா, விவரத்தில் 'பழமைத் தோற்றம் கொண்டது' என்றுதானே எழுதியிருக்கிறேன்" என்றார். போய்ப் பார்த்தேன், எழுதியிருக்கிறார். "அசல் என்று வாயால் சொன்னீர்களே தம்பி" என்றேன். "வாயால் சொன்னதற்கு ஐயாவிடம் ஏதாவது எழுத்தில் இருக்கிறதா?" அதன் பிறகு எடுக்கவில்லை.

இணையதளத்துக்கு எழுதினேன். 'உங்கள் குறையை மதிக்கிறோம்' என்று அரை நிமிடத்தில் பதில் வந்தது. மனிதர் எழுதியது இல்லை. மறுபடி எழுதினேன். நிபுணரின் சான்றிதழ் வேண்டுமாம். எந்த நிபுணர்? அதற்குப் பதில் இல்லை. மூன்றாம் முறை ஒரு பெண் பேசினார், மரியாதையாகத்தான் பேசினார். "சார், ஏழு நாளுக்குள் ஏன் பிரித்துப் பார்க்கவில்லை?" என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "விற்பனையாளருடன் தனியாகப் பேசியதற்கு நாங்கள் பொறுப்பில்லை சார்." 38,500 ரூபாய்க்குக் கிடைத்த தீர்ப்பு இது. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சுண்ணாம்பு உதிர்ந்த சுவரை மட்டும் பார்த்தாள்.

பத்து குறிப்புகள் என்று சொன்னேன், உட்கார்ந்து எழுத இப்போது பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவு: வந்த அன்றே பிரியுங்கள், யார் என்ன காரணம் சொன்னாலும் சரி. நோட்டு சோதிக்கும் ஊதா விளக்கு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது; அதைக் காட்டும்போது தாள் நீலமாகப் பளிச்சென்று ஒளிர்ந்தால் 1911ஆம் ஆண்டுத் தாள் இல்லை. தாளை வெளுப்பாகக் காட்டும் அந்த ரசாயனம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தது. தொலைபேசியில் பேசுவதை எழுத்தில் கேளுங்கள். பெயர்களையும் தேதியையும் பணம் அனுப்பும் முன்பே ஒப்பிடுங்கள், நான் பிறகு ஒப்பிட்டேன்.

இன்னொன்று, இது அவசரம். இன்று காலை அதே கடையில் புதிதாக ஒன்று ஏலத்துக்கு வந்திருக்கிறது: மொரிடேனியா, 1907, முதல் பயணம், முதல் வகுப்புப் பட்டியல், 42,000 ரூபாய். மொரிடேனியா குனார்ட் கம்பெனிக் கப்பல். படமாகப் போட்டிருப்பது ஒயிட் ஸ்டாரின் அதே சூதாடி எச்சரிக்கைப் பக்கம். மூலையில் அதே வட்டத்தில் அதே தேநீர்க் கறை.