கருவைக் காட்டில் இரண்டு வருஷம்: ஒரு பிரஷ் கட்டர் அனுபவம்

போன வாரம் மச்சினன் போன் செய்தான். "அத்தான், உங்ககிட்ட இருக்கே 52 சிசி பிரஷ் கட்டர், அது இப்ப விலை இறங்கியிருக்கு. வாங்கவா?" பிரஷ் கட்டர் என்றால் தோளில் மாட்டிக்கொண்டு புதர் வெட்டுகிற பெட்ரோல் மெஷின். வேலிக்கருவை, அதாவது சீமைக்கருவேலம், அவன் தோட்டத்து வரப்பையும் தாண்டி உள்ளே வந்துவிட்டதாம். "வாங்கு" என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். வாய் வரவில்லை. ஏன் என்று போனில் சொன்னால் அரை மணி நேரம் ஆகும், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் நிலம் கமுதிப் பக்கம், மூன்று ஏக்கர் புன்செய். அப்பா போன பிறகு பத்து வருஷம் சும்மா கிடந்தது. கருவை ஏறி, பகலிலேயே பன்றி ஒதுங்கும் அளவுக்கு அடர்ந்துவிட்டது. கரிமூட்டம் போடுகிறவர் ஒருவர் வந்து, தொடை கனத்துக்கு இருந்ததையெல்லாம் வெட்டிக்கொண்டு போனார். தூரை, அதாவது வேரோடு நிற்கிற அடிக்கட்டையை, அவர் தொடவில்லை. தொட்டால் மூன்று நாலு வருஷம் கழித்து மறுபடி வெட்ட என்ன இருக்கும்? அவர் பிழைப்பு அவருக்கு. மிச்சம் கிடந்த விரல் கனத்திலிருந்து மணிக்கட்டு கனம் வரைக்குமான புதர்களை அழிக்கத்தான் மெஷின் வாங்கினேன். மதுரையிலிருந்து சனி, ஞாயிறு மட்டும் போய்ச் செய்கிற வேலை.

பவர், எடை எல்லாம் பெட்டியிலேயே எழுதியிருக்கும், அதை விட்டுவிடுகிறேன். நல்லதை முதலில் சொல்கிறேன். அந்த 80 பல் பிளேடு இருக்கிறதே, அது ஒரு அதிசயம். வெட்டரிவாளில் நாலு போடு போட வேண்டிய கொம்பை, முழு வேகத்தில் வைத்து லேசாகச் சாய்த்தால் வெள்ளரிக்காய் மாதிரி நறுக்குகிறது. முள் கைக்கு வருவதற்கு முன்பே கொம்பு கீழே விழுந்துவிடும். கருவை முள் குத்தி ஒரு வாரம் காலைத் தரையில் ஊன்ற முடியாமல் கிடந்தவனுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

இரண்டு விஷயம் மட்டும் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். பிளேடு மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. அதனால் கொம்பை பிளேடின் இடது பக்கத்தில்தான் வாங்க வேண்டும். வலது முன்பக்கம் கெட்டியான கட்டையில் பட்டால் மெஷின் உதறிக்கொண்டு வேறு பக்கம் போகும், பக்கத்தில் ஆள் நின்றால் அவ்வளவுதான். இன்னொன்று, பிளேடு நட்டு இடது மரை. நாம் வழக்கமாக இறுக்குகிற பக்கம் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் முதல் நாள் ஸ்பேனரில் தொங்கி, நட்டின் முனையை மழுக்கிய பெருமை எனக்கு உண்டு.

பிளேடுக்குப் பதில் மாட்டுகிற நைலான் நரம்புத் தலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பார்த்தீனியத்துக்கு நன்றாக இருக்கிறது, பூ எடுக்கும் முன் அடித்தால் போதும். மூக்கில் துண்டு கட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ராத்திரி முழுக்கச் சொறிவீர்கள். கோரைக்கு அடித்தால், அது கிழங்கிலிருந்து ஒரு வாரத்தில் இன்னும் பசுமையாக வரும். முடிவெட்டிவிட்ட மாதிரி.

சரி, குறைக்கு வருகிறேன். இரண்டு வருஷத்தில் முதல் ஒன்றேகால் வருஷம் இந்த மெஷின் என் உயிரை வாங்கியது. காலையில் இரண்டு இழுப்பில் ஸ்டார்ட் ஆகும். ஒரு டேங்க் தீரும் வரை, அதாவது ஐம்பது நிமிஷம், குறை சொல்ல முடியாத ஓட்டம். பெட்ரோல் ஊற்ற நிறுத்தினால் முடிந்தது கதை. சூட்டில் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. சோக் போட்டுப் பார்த்தாயிற்று, போடாமல் பார்த்தாயிற்று, பிளக்கைக் கழற்றித் துடைத்துப் பார்த்தாயிற்று. தோள்பட்டை கழலும் வரை கயிறு இழுத்தாயிற்று. இருபது, இருபத்தைந்து நிமிஷம் ஆறப் போட்டால், ஒன்றுமே நடக்காத மாதிரி முதல் இழுப்பில் கிளம்பும்! இந்த ஒரு குணத்துக்காகவே இரண்டு தடவை அதைக் கிணற்றில் போடப் போனேன். கிணறு வறண்டு கிடந்ததால் போடவில்லை.

வாங்கிய கடையில் இரண்டு தடவை காட்டினேன். இரண்டு தடவையும் கார்புரேட்டரைச் சுத்தம் செய்து காசு வாங்கிக்கொண்டார்கள். ஆயில் கலவை தப்பு என்றார்கள். புத்தகத்தில் போட்டிருந்தபடி ஒரு லிட்டருக்கு 40 மில்லி 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் என்ஜினுக்குப் பெட்ரோலோடு கலக்கும் ஆயில்) தான் ஊற்றுகிறேன் என்றால், "அப்ப பெட்ரோல் சரியில்ல சார்" என்றார்கள்.

இனிமேல் சொல்வதுதான் மச்சினனுக்கு போனில் சொல்ல முடியாதது. அந்த இருபது நிமிஷம் வெயிலில் சும்மா உட்கார முடியாதே. கொட்டகையில் அப்பாவின் கடப்பாரை கிடந்தது. மெஷின் ஆறுகிற வரைக்கும், வெட்டிப் போட்ட தூர்களைத் தோண்ட ஆரம்பித்தேன். பாதி கோபத்தில்தான். மெஷினைக் குத்துவதற்குப் பதில் தூரைக் குத்தினேன். ஒரு ஆறலுக்கு நாலு தூர், மண் ஈரமாக இருந்தால் ஏழு. ஒரு சாண், கனத்த தூர் என்றால் ஒன்றரைச் சாண் ஆழம் தோண்டி, கோடாலியால் வேரைத் துண்டித்து, மேல் உருண்டையை எடுத்துப் போட்டுவிடுவேன். அதற்குக் கீழே ஆணிவேர் பாதாளம் வரை போகும், அதை விட்டுவிடலாம். கருவைக்குத் துளிர் விடும் கண்கள் தரையை ஒட்டிய அந்தக் கழுத்துப் பகுதியில்தான் இருக்கின்றன. கழுத்து போனால் கீழ்வேர் மறுபடி முளைக்காது. இது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்து ஒன்றும் செய்யவில்லை.

நான் முதலில் வெட்டிய வடபாதியில் தோண்டாத தூர்களும் இருந்தன. ஆனால் ஒவ்வொரு வாரமும் சூடாகி நின்று நின்று, ஒரு வருஷத்தில் அந்த ஒன்றரை ஏக்கரில் பெரும்பாலான தூர் வெளியே வந்துவிட்டது.

போன புரட்டாசியில் பக்கத்து ஊரில் பம்புசெட் என்ஜின் பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் கார்புரேட்டர் பக்கமே போகவில்லை. "ஓட்டி சூடாக்குங்க தம்பி" என்றார். முக்கால் மணி நேரம் ஓட்டி நிறுத்தியதும் பிளக்கைக் கழற்றி, வயரில் மாட்டி, சிலிண்டர் உடம்பில் வைத்துக் கயிறை இழுத்தார். பொறி இல்லை. டீ குடித்துவிட்டு வந்து இழுத்தார். நீலப் பொறி! இக்னிஷன் காயில். சூட்டில் உள்ளே சுற்று விட்டுப்போகிறது, ஆறினால் சேர்ந்துகொள்கிறது. புதுக் காயில், கூலி எல்லாம் சேர்த்து அறுநூறு ரூபாய். ஒன்றேகால் வருஷத்து வயிற்றெரிச்சல் அறுநூறு ரூபாயில் முடிந்தது.

அன்றிலிருந்து மெஷின் தங்கம். டேங்க் தீர்ந்தால் ஊற்று, இழு, கிளம்பு. தென்பாதி ஒன்றரை ஏக்கரை ஐந்தே வார இறுதியில் மொட்டையடித்தேன். கடப்பாரையைத் தொடவே இல்லை. எதற்குத் தொட வேண்டும், அதுதான் நிற்காமல் ஓடுகிறதே. ஐப்பசியில் மழை வந்தது. வடபாதியில் குதிரைவாலி விதைத்தேன்.

இப்போது மாசி. வடபாதியில் குதிரைவாலி அறுத்த தாள் நிற்கிறது, நடுவில் அங்கங்கே நான் விட்ட தூரில் நாலைந்து கருவை. தென்பாதியில் என் நெஞ்சு உயரத்துக்குக் காடு. முன்பு ஒரு கொம்பு நின்ற இடத்தில் இப்போது எட்டும் பத்தும். போதாததற்கு, வேலி இல்லாத அந்தப் பக்கம் ஆடுகள் வேறு வந்து போகின்றன. நெற்றைத் தின்று புழுக்கையில் விதையைப் போட்டுவிட்டுப் போகும், அது நன்றாகவே முளைக்கும்.

புதிதாக நான் ஒன்றும் கண்டுபிடித்துவிடவில்லை. 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தென்மாவட்டங்களில் கருவையை அகற்றச் சொன்னபோது, எங்கள் கண்மாயிலும் ஜேசிபி ஓடியது. தூரோடு பிடுங்கிய இடம் ரொம்ப நாள் வெட்டவெளியாக இருந்தது, ஒடித்துத் தள்ளிய இடம் மறு வருஷமே மூடிக்கொண்டது. கண்ணால் பார்த்தவன்தான் நான். 1877-ல் கடப்பைப் பக்கம் கமலாபுரத்தில் நட்டதிலிருந்து அந்த மரம் இங்கே வெட்டு வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. வெட்டினால் சாகிற சாதி என்றால் எப்போதோ செத்திருக்கும்.

இதில் மெஷினைக் குறை சொல்ல நியாயம் இல்லை. வெட்டுவதுதான் அதன் வேலை, அதை அருமையாகச் செய்கிறது. இருந்தாலும் அந்தத் தென்பாதியைப் பார்க்கும்போதெல்லாம் கோபம் அதன் மேல்தான் வருகிறது. கெட்டுப்போயிருந்த காலத்தில் எனக்கு ஒன்றரை ஏக்கர் நிலம் மீட்டுக் கொடுத்தது. சரியான பிறகு ஒன்றரை ஏக்கர் காடு வளர்த்துக் கொடுத்திருக்கிறது.

மார்க் போடச் சொன்னால் ஐந்துக்கு நாலு. தென்பாதியில் நின்றுகொண்டு கேட்டால் இரண்டு. மச்சினனிடம் நேற்று, "வாங்காதே, என்னுடையதையே எடுத்துக்கோ" என்று சொல்லிவிட்டேன். "நல்லாத்தானே ஓடுதுன்னீங்க, அப்புறம் ஏன் தர்றீங்க?" என்கிறான். தூர் தோண்ட இரண்டு ஆளுக்குச் சொல்லியிருக்கிறேன், பங்குனி வெயிலுக்குள் முடிக்க வேண்டும். மெஷினில் பெட்ரோலை இறக்கிவிட்டேன். மாதக்கணக்கில் உள்ளேயே விட்டால் கார்புரேட்டருக்குள் இருக்கிற டயாபிரம் என்கிற சவ்வு விறைத்துப்போகும், அப்புறம் கடைக்காரர் சொன்னதே உண்மையாகிவிடும். பெரியவர் கழற்றிக் கொடுத்த பழைய காயில் டூல் பெட்டியில்தான் கிடக்கிறது. தூக்கிப் போட மனசு வரவில்லை.