மஸ்டாங்கில் ஒன்பது அங்குலப் பின் அச்சு: நான்கு பருவங்களின் அனுபவம்

1991ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங் ஒன்றை, 347 கன அங்குல வி8 எஞ்சினும் மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கும் பொருத்தி, நின்ற இடத்திலிருந்து கிளம்பி நேர்கோட்டில் கால் மைல் ஓடும் டிராக் (drag) பந்தயத்துக்கென்றே வைத்திருக்கிறேன். அதன் பின் அச்சையும் பின்பக்க சஸ்பென்ஷனையும் மாற்றி நான்கு பந்தயப் பருவங்கள் முடிந்துவிட்டன. இதே வேலையைத் தம் காரில் செய்ய எண்ணுபவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: புதிய அச்சு என் காரைச் சிறிதும் வேகமாக்கவில்லை; நேரத்தைக் குறைத்தது சஸ்பென்ஷன்தான். ஆனாலும் அச்சை முதலில் மாற்றியது சரியான முடிவு என்றே இன்றும் கருதுகிறேன்.

1986 முதல் வி8 மஸ்டாங்குகளில் வந்த 8.8 அங்குல அச்சு, சாலைப் பயன்பாட்டுக்கு மிக நல்ல அச்சு. சக்கரங்களைச் சுழற்றும் அதன் ஆக்சில் ஷாஃப்டுகளின் முனையில், டிஃபரன்ஷியலோடு கோக்கும் 28 ஸ்பிளைன் பற்கள் உள்ளன; ஷாஃப்ட் வெளியே வராமல் பிடித்திருப்பது டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சிறிய சி-கிளிப். ஷாஃப்ட் ஒடிந்தால் சக்கரமும் அதனுடன் சேர்ந்து வெளியே வந்துவிடக்கூடும். கால் மைலை 10.99 நொடியிலோ அதைவிட விரைவாகவோ கடக்கும் கார்களுக்கு வலுவான மாற்று ஷாஃப்டுகளும், அவற்றை வெளிமுனையிலேயே பிடித்துவைக்கும் அமைப்பும் வேண்டும் என்று அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்எச்ஆர்ஏவின் விதி கட்டாயப்படுத்துவது இதனால்தான். என் கார் அப்போது அந்த எல்லையை நெருங்கி, 11.12 நொடியில் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஓட்டும் டெக்சாஸ் மோட்டார்பிளெக்ஸ், 1986இல் எனிஸ் நகரில் முழுக் கான்கிரீட்டில் அமைக்கப்பட்ட தடம். டயர் அங்கே கெட்டியாகப் பிடிப்பதால், வழுக்கித் தப்பித்திருக்கும் சுமை முழுவதும் அச்சின் மீது இறங்குகிறது.

மாற்றாகத் தேர்ந்தெடுத்தது ஃபோர்டின் பழைய ஒன்பது அங்குல வடிவமைப்பு. அச்சுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் விட்டத்தில் பெரிய வேறுபாடு இல்லை; இதன் வலிமை, அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரமான பினியனைத் தாங்கும் முறையில் இருக்கிறது. வழக்கமான இரண்டு பேரிங்குகளோடு பினியனின் உள்முனையில் மூன்றாவதாக ஒரு பேரிங் இருப்பதால், சுமையில் பினியன் விலகி ஓடுவது வெகுவாகக் குறைகிறது. பினியன் கிரவுனின் மையத்திலிருந்து நன்கு கீழே இறங்கியிருப்பதால் பற்கள் அதிகப் பரப்பில் பொருந்துகின்றன. அதற்கு விலையாகப் பற்களுக்கிடையே உரசலும் சூடும் கூடி, எஞ்சின் ஆற்றலில் சிறு பங்கு வீணாகிறது. ஷாஃப்டுகள் 35 ஸ்பிளைன் கொண்டவை. 28 ஸ்பிளைன் ஷாஃப்டின் தடிமன் ஏறக்குறைய 30 மில்லிமீட்டர், இவற்றினுடையது 38 மில்லிமீட்டர். முறுக்கைத் தாங்கும் திறன் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது என்பதால், எட்டு மில்லிமீட்டர் கூடுதலே வலிமையை இரு மடங்காக்கிவிடுகிறது. அச்சைக் காரோடு இணைக்கும் பழைய கண்ட்ரோல் ஆர்ம்களை அப்படியே விட்டு, அச்சை மட்டும் மாற்றி ஓட்டிய முதல் மாதத்தில் கார் 11.15 நொடி எடுத்தது. கூடிய எடையும் உரசலும் அதில் தெரிந்தன.

அச்சு வேலையில் எனக்கு நேர்ந்த ஒரே பெரிய தொல்லை வெல்டிங்கில் வந்தது. அச்சின் வெளிக்கூடான ஹவுசிங்கில், ஆர்ம்கள் பொருந்தும் பிராக்கெட்டுகளைப் பற்றவைத்த பட்டறை, குழாய்கள் நேராக உள்ளனவா என்று பிறகு சரிபார்க்கவில்லை. ஒரு பக்கமாகவே சூடேறிய குழாய் வளைந்துவிட, மூன்றாம் மாதத்தில் வலப்பக்க ஆயில் சீல் கசியத் தொடங்கியது. ஷாஃப்டை உருவிப் பார்த்தபோது ஸ்பிளைன் பற்கள் ஒரு புறம் மட்டும் தேய்ந்திருந்தன. நீண்ட இரும்புக் கம்பியைப் பேரிங் இருக்கைகளின் வழியே செலுத்தி நேர்மை பார்க்கும் வசதியுள்ள வேறொருவரிடம் கொடுத்து நிமிர்த்த வேண்டியிருந்தது. வெல்டிங் முடிந்த ஹவுசிங்கை இந்தச் சோதனையின்றி யாரும் வாங்கிக்கொள்ளக் கூடாது.

இனி சஸ்பென்ஷன். இந்த மஸ்டாங்கில் பின் அச்சை நான்கு ஆர்ம்கள் பிடித்திருக்கின்றன. பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது மேல் ஆர்மின் கோடும் கீழ் ஆர்மின் கோடும் முன்னோக்கி நீண்டு எங்கே சந்திக்கின்றனவோ, அந்தப் புள்ளியிலிருந்துதான் அச்சு காரைத் தள்ளுகிறது என்று கொள்ளலாம். கீழ் ஆர்மின் பின்முனையைத் தாழ்த்தினால் அந்தப் புள்ளி உயர்ந்து பின்னே வருகிறது. கிளம்பும் நொடியில் காரின் பின்பகுதி அமுங்காமல் எழ, டயர் தரையில் வலுவாக அழுத்தப்படுகிறது. அதிக அழுத்தம் நல்லதென்று நம்பி, முதல் பருவம் முழுவதும் கீழ் ஆர்மைப் பிராக்கெட்டின் மிகத் தாழ்ந்த துளையிலேயே பொருத்தி ஓட்டினேன். டயர் முதலில் பளீரெனப் பிடித்து, எழுந்த பின்பகுதி மேலெல்லையை எட்டியதும் சுமை விடுபட்டு, பத்து மீட்டருக்குள் சுழன்றுவிடும். நடுத்துளைக்கு மாற்றி, பின் ஷாக் அப்சார்பர் நீளும் வேகத்தையும் மட்டுப்படுத்திய பிறகே அது நின்றது. பினியன் முனையை இரண்டு டிகிரி தாழ்த்தி வைத்திருக்கிறேன். ஆர்ம்களின் முனைகளில் ரப்பர் புஷ் உள்ளவர்கள் இன்னும் கூடுதலாகத் தாழ்த்த வேண்டியிருக்கும்.

எனக்கு மிகுந்த பயன் தந்த பாகம், கார் ஒரு பக்கமாகச் சாயாமல் தடுக்கும் பின்பக்க ஆன்டி-ரோல் பார். எஞ்சின் ஆற்றலைப் பின் அச்சுக்குக் கொண்டுவரும் புரொப்பல்லர் ஷாஃப்டின் முறுக்கு வலப்பின் டயரைத் தரையிலிருந்து தூக்கப் பார்ப்பதால், கார் கிளம்பியதும் வலப்பக்கம் ஒதுங்கும். முன்பு வலப்பக்க ஸ்பிரிங்குக்குள் காற்றுப்பை வைத்துச் சமாளித்தேன். அது நாளுக்கு நாள் வேறுபட்டது. பார் பொருத்திய பின்னர், ஓட்டுநர் எடையுடன் கார் நிற்கும்போது அதன் இணைப்புத் தண்டை அரைச்சுற்று மட்டும் இறுக்கி வைத்தால் போதுமாயிற்று. இரு முன்சக்கரங்களும் ஒரே அளவில் எழுகின்றன, ஸ்டீயரிங்கைத் திருத்த வேண்டிய தேவையே இல்லை. முதல் அறுபதடியைக் கடக்க 1.62 நொடியாக இருந்த நேரம் இப்போது 1.43, கால் மைல் 10.78. பழைய அச்சோடு இந்த நேரத்தை முயன்று பார்க்கும் துணிவு எனக்கு வந்திருக்காது.

பிடிப்பு கூடக்கூட, சுமை அடுத்த பலவீனமான இடத்துக்கு நகர்கிறது. இரண்டாம் பருவத்தின் முடிவில் மேல் ஆர்ம்கள் காரின் உடலோடு பொருந்தும் பெட்டி வடிவ டார்க் பாக்ஸ் (torque box) தகட்டின் புள்ளி வெல்டிங்குகள் விட்டுப்போயிருந்தன. மேலும் கீழும் வலுத்தகடுகள் வைத்துப் பற்றவைத்தேன். ஆர்ம்களை வாங்கும் நாளிலேயே இதையும் செய்துவிடுவது நல்லது.

டிஃபரன்ஷியலுக்குப் பதிலாக என் அச்சில் உள்ள ஸ்பூல் இரு சக்கரங்களையும் ஒன்றாகவே சுழற்றுவதால், வாகன நிறுத்தத்தில் திரும்பும்போது டயர் தேய்ந்து முனகுகிறது. மழைச் சாலையில் இந்தக் காரை நான் எடுப்பதில்லை. ஆர்ம்களின் இணைப்பு முனைகளை இரண்டு பருவங்களுக்கு ஒருமுறை மாற்றுகிறேன். நட்டுகளில் பெயிண்டால் கோடிட்டு வைத்து, ஒவ்வொரு பந்தய நாளுக்குப் பிறகும் கோடு விலகியுள்ளதா என்று பார்க்கிறேன். வரும் குளிர்காலத்தில் 4.11 பல் விகிதக் கிரவுன்-பினியனை முன்பக்கமாகக் கழற்றிப் பற்களைப் பார்த்து, ஹவுசிங்கின் நேர்மையையும் மீண்டும் அளக்கப் போகிறேன்.